கோதுமை விளைந்தபோது அவர் பதவியில் இல்லை

நல்ல அரசியல் தலைமை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், பெரிய பெரிய குணங்களைப் பட்டியல் போடுவதைவிட ஒரே ஒரு நிகழ்வை எடுத்து வைப்பேன். 1964 ஜூன் முதல் 1967 தொடக்கம் வரை சி.சுப்பிரமணியம் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த காலம். பசுமைப் புரட்சி என்றதும் எம்.எஸ்.சுவாமிநாதன் நினைவுக்கு வருவார், நார்மன் போர்லாக் நினைவுக்கு வருவார். அவர்களுக்குச் சேர வேண்டிய பெயர்தான். ஆனால் ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் நன்றாக விளைந்த ஒரு விதை லட்சக்கணக்கான ஏக்கருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் விலை வேண்டும், உரம் வேண்டும், கொள்முதல் வேண்டும், நிதியமைச்சரும் நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும். அதையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டவர் சி.எஸ். கடைசியில் அந்த அறுவடை வந்தபோது அவர் அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1910இல் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சர். 1954இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். தோற்ற ஆளைக் காமராஜர் ஓரங்கட்டவில்லை, அமைச்சரவையில் சேர்த்து நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற ராஜாஜியின் கல்வித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் தாங்கிப் பேசியவரும் சி.எஸ்.தான், காமராஜர் வந்ததும் அதே திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவரும் அவர்தான். இதை அவருடைய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் ஏற்காத ஒன்றை மானப் பிரச்சினையாக்காமல் கீழே வைக்கத் தெரிந்தவர் என்றுதான் படுகிறது. மதிய உணவுத் திட்டம் விரிந்ததும் அவர் கல்வி அமைச்சராக இருந்த அதே வருடங்களில்தான்.

சரி, 1964க்கு வருவோம். நேரு மறைந்து லால் பகதூர் சாஸ்திரி பிரதமராகிறார். சி.எஸ். அதுவரை உருக்குத் துறை அமைச்சர். அந்தக் காலத்தில் உருக்கு என்றால் பெரிய கௌரவம், நாட்டின் வருங்காலமே அங்கேதான் இருக்கிறது என்று நம்பிய காலம். உணவுத் துறை என்றால் பஞ்சம், பதுக்கல், ரேஷன், நாடாளுமன்றத்தில் தினம் ஒரு வசவு. யாரும் ஆசைப்பட்டு வாங்கும் துறை அது கிடையாது. சாஸ்திரி கேட்டார், இவர் எடுத்துக்கொண்டார்.

நிலவரம் என்னவென்றால், அமெரிக்காவின் பி.எல்.480 சட்டப்படி ரூபாயிலேயே பணம் கட்டி கோதுமை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். 1964இல் மட்டும் இறக்குமதி 60 லட்சம் டன்னுக்கு மேல். சுலபமான வழி என்பதால் அது பழகிவிட்டது. நகரத்தில் தானிய விலை குறைவாக இருந்தால் தொழிற்சாலைக் கூலியும் குறைவாக இருக்கும், தொழில் வளரும் என்பது டெல்லியில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கில் விவசாயி எங்கே இருக்கிறான் என்று கேட்டவர்கள் குறைவு.

சி.எஸ். கேட்டார். விளைவித்தவனுக்கு விலை கட்டுபடியாகவில்லை என்றால் அவன் எதற்குக் கடன் வாங்கி உரம் போடுவான்? பொள்ளாச்சிக்காரருக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதை அரசாங்கத்தின் கொள்கையாக்குவது வேறு வேலை, அதை அவர் செய்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல் கே ஜா தலைமையில் ஒரு குழு, அதன் பரிந்துரை, அதன்மேல் 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன். அதே மாதம் 14ஆம் தேதி, தை பிறந்த நேரத்தில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில், தலைமையகம் அப்போது சென்னையில். ஒன்று விலையைச் சொல்ல, இன்னொன்று அந்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைக்க. விதை வருவதற்கு முன்னாலேயே, விளைச்சல் வந்தால் அதை என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு அமைச்சர் போனால் அவருடைய திட்டமும் சேர்ந்து போவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இவர் தன் பெயரில் ஒரு திட்டத்தை விடவில்லை, யார் அமைச்சராக வந்தாலும் நடத்தியே ஆக வேண்டிய அமைப்புகளை விட்டார்.

அடுத்து ஆராய்ச்சி. விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் அதுவரை ஐ.சி.எஸ். அதிகாரிகள்தான், அதாவது பிரிட்டிஷ் காலத்து ஆட்சிப் பணியில் சேர்ந்தவர்கள்தான், உட்கார்ந்திருந்தார்கள். விஞ்ஞானி ஒரு முடிவு எடுக்க அதிகாரியின் மேஜையில் கோப்பு நகர வேண்டும். 1965இல் கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி.பால் அதன் தலைமை இயக்குநராக்கப்பட்டார், அந்த நாற்காலிக்கு வந்த முதல் விஞ்ஞானி அவர். இன்னொரு பக்கம் நிர்வாகத்தை நகர்த்த பி.சிவராமன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி விவசாயத் துறைச் செயலாளராக வந்தார். அதாவது அதிகாரிகளே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, யாருக்கு எந்த நாற்காலி என்பதில் தெளிவாக இருந்தார்.

இப்போது அந்த விதை. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எடுத்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பது இதில்தான் தெரியும். நம் நாட்டுக் கோதுமை உயரமாக வளரும் ரகம். உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்துப் பயிர் அப்படியே சாய்ந்துவிடும், சாய்ந்தால் போச்சு. ஆகவே உரம் போட்டும் பயன் இல்லை. ஜப்பானியக் குட்டை ரகம் ஒன்றின் வம்சத்தில் மெக்ஸிகோவில் போர்லாக் உருவாக்கிய ரகங்கள் குட்டையானவை, தண்டு உறுதியானவை, எவ்வளவு உரம் கொடுத்தாலும் நிமிர்ந்து நிற்கும். 1963இல் போர்லாக் இந்தியா வந்து பார்த்துவிட்டுப் போய்க் கொஞ்சம் விதை அனுப்பினார். டெல்லி பூசா நிலையத்தில் சுவாமிநாதன் குழு அதைச் சோதித்தது. சராசரியாக ஹெக்டேருக்கு ஒரு டன்கூடத் தேறாத நாட்டில் சோதனை வயல்களில் நாலைந்து டன் வந்தது.

ஆனால் சோதனை வயல் என்பது விஞ்ஞானியின் வயல். தண்ணீர் நேரத்துக்குப் பாயும், உரம் கணக்காக விழும். விவசாயியின் வயலில் இது நடக்குமா என்ற கேள்விக்குக் கூட்டம் போட்டுப் பதில் சொல்ல முடியாது. ஆகவே விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே செயல்விளக்க வயல்கள் போடப்பட்டன, டெல்லிக்குப் பக்கத்தில் ஜௌந்தி என்ற கிராமமே விதைக் கிராமமானது. சி.எஸ். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது போட்டு இந்தக் கோதுமையை விதைக்க வைத்தார். வெறும் விளம்பரம் என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. வருகிற எம்.பி.யும் அதிகாரியும் பயிரைக் கண்ணால் பார்க்கட்டும், தோற்றால் என் வாசலிலேயே தோற்கட்டும் என்ற துணிச்சல் அதில் இருந்தது.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கொள்முதல் விலையை ஏற்றுவதையும் உரத்துக்கு அந்நியச் செலாவணி கொட்டுவதையும் எதிர்த்தார். இடதுசாரிகள் இது அமெரிக்காவின் வலை என்றார்கள். பொருளாதார அறிஞர்கள் பலர், வசதியுள்ள விவசாயிதான் இன்னும் கொழிப்பான் என்றார்கள். விஞ்ஞானிகளிலேயே சிலர், ஒரே ரகத்தை நாடு முழுக்கப் போட்டு ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்றார்கள். இதில் ஒன்றுகூட முட்டாள்தனமான கேள்வி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும், சில கேள்விகள் பின்னால் உண்மையாகவும் ஆயின. சி.எஸ். எதிர்த்தவர்களைத் துரோகி என்று சொல்லி வாயடைக்கவில்லை. அமைச்சரவையில் வாதாடினார், நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பதில் சொன்னார், சாஸ்திரியைத் தன் பக்கம் கொண்டுவந்தார். அப்புறம் பொறுப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். விஞ்ஞானி சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன் என்று பின்னால் நழுவ வழி வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில் 1965 பிப்ரவரி வந்தது. ஜனவரி 26 முதல் மத்திய அரசின் முதன்மை ஆட்சிமொழி இந்தி என்ற நிலை, தமிழ்நாடு கொதித்தது, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தீக்குளிப்புகள், துப்பாக்கிச் சூடு, சாவுகள். பிப்ரவரி 11ஆம் தேதி சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி அதை ஏற்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார், ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசினார்: இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று. ராஜினாமாக்கள் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

இந்த நாட்களை உணவுத் துறைக் கதையிலிருந்து பிரித்து வைத்துத்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் எடை தெரியும். உணவுக் கழகம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, விலைக் கமிஷன் இப்போதுதான் உட்காருகிறது, விதை இன்னும் கப்பலேறவில்லை. “இவ்வளவு பெரிய வேலை கையில் இருக்கிறது, நான் போனால் நின்றுவிடும், ஆகவே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்” என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம். பதவியில் இருக்கிற எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கிற சாக்கு அது, அதுவும் நல்ல வேலை செய்கிறவர்களுக்கு ரொம்பவே வசதியாகக் கிடைக்கும். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் பிள்ளைகள் சாகும்போது டெல்லியில் உட்கார்ந்து கோதுமைக் கணக்குப் பார்க்க அவரால் முடியவில்லை, உறுதிமொழி கிடைத்ததும் வீறாப்பு பாராமல் திரும்பி வந்து வேலையைத் தொடரவும் முடிந்தது. இந்த இரண்டாவது குணம் முதலாவதைவிட அரிது என்று நினைக்கிறேன்.

அந்த வருடமே விதை வந்த கதை தனிக் கதை. 1965இல் இந்தியா வாங்கியது 250 டன், சொனோரா 64, லெர்மா ரோஹோ ரகங்கள். பாகிஸ்தானும் அதே நேரம் வாங்கியது. மெக்ஸிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு லாரிகளில் வர வேண்டும், எல்லையில் தாமதம், நகருக்குள் நுழையும் நேரத்தில் வாட்ஸ் பகுதிக் கலவரம். ஒருவழியாகக் கப்பலேற்றினால், செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர். வந்து சேர்ந்த விதையை விதைத்துப் பார்த்தால் முளைப்புத் திறன் குறைவு, பூச்சி மருந்துப் புகையை அளவுக்கு மீறி அடித்திருந்தார்கள். விதைப்பு அளவைக் கூட்டிச் சமாளித்தார்கள். இப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகு வேறு அமைச்சராக இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றிருப்பார். இவர் அடுத்த வருடமே 18,000 டன் விதை வாங்க ஒப்புதல் வாங்கினார். உலகத்தில் அதுவரை எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே மூச்சில் வாங்கியதில்லை. அதுவும் எப்படிப்பட்ட வருடத்தில் என்று பாருங்கள்: மழை பொய்த்து, 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 1965-66இல் 7.2 கோடி டன்னுக்கு விழுந்திருந்தது. கருவூலத்தில் டாலர் இல்லை. விதைக்குச் செலவழிக்கும் டாலரில் சாப்பாட்டுக் கோதுமை வாங்கலாமே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும்.

அமெரிக்கப் பக்கத்திலும் கழுத்தில் கயிறு. போரைக் காட்டி உதவியை நிறுத்திய ஜனாதிபதி ஜான்சன், கோதுமையையும் மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில்தான் விட்டார். 1965 நவம்பரில் ரோமில் உலக உணவு விவசாய அமைப்பின் மாநாட்டுக்குப் போன இடத்தில் சி.எஸ்.ஸும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் உட்கார்ந்து ஒரு ரகசிய உடன்பாடு போட்டார்கள். விவசாயத்துக்கு முதலீட்டைக் கூட்டுவது, உரத் தொழிலில் வெளிநாட்டு முதலீட்டை அனுமதிப்பது, புதிய ரகங்களைப் பரப்புவது என்று இந்தியா ஒப்புக்கொண்டது. அமெரிக்கா கட்டளையிட்டது, இந்தியா பணிந்தது என்று இதை வாசிக்கலாம், வாசித்தார்கள். ஆனால் அந்த ஷரத்துகளில் பெரும்பாலானவை அவர் ஒரு வருடமாக டெல்லியில் மன்றாடிக்கொண்டிருந்த விஷயங்கள். வெளியிலிருந்து வந்த நெருக்கடியை உள்ளே தன் வாதத்துக்கு வலுவாகப் பயன்படுத்திக்கொண்டார். ரகசியமாகப் போட்டது சரியா என்று கேட்டால் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. ஜனநாயகத்தில் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இன்னொரு நாட்டுக்கு வாக்குக் கொடுப்பது நல்ல முன்மாதிரி ஆகாது, பலன் நன்றாக இருந்தாலும்.

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். இந்திரா காந்தி வந்தார், சி.எஸ். அதே துறையில் தொடர்ந்தார். ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. அதை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். காமராஜர் கொதித்துப்போனார். அந்த வருடமும் மழை இல்லை, பீகாரில் பஞ்சம், இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது. புதிய விதை வயலில் இருக்கிறது, பலன் தட்டில் இல்லை.

இந்த நிலையில் 1967 தேர்தல். தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு” என்று தெருத்தெருவாகக் கோஷம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க.வின் வாக்குறுதி. மொழிப் போராட்டத்தின் ரணமும் ஆறவில்லை. அரிசியே தேர்தல் பேச்சாக இருந்த ஊரில் நாட்டின் உணவு அமைச்சர் ஓட்டுக் கேட்டு நிற்கிறார். கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. மக்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரேஷன் கடை வரிசையில் நின்ற அம்மாவுக்கு 1968இல் பஞ்சாபில் என்ன விளையப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு உலையில் போட அது உதவாது.

அடுத்த வருடம் விளைந்தது. 1966-67இல் சுமார் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை, 1967-68இல் 1.65 கோடி டன். நல்ல மழையும் சேர்ந்துகொண்டது, உண்மைதான். ஆனால் மழை மட்டும் இதைச் செய்யவில்லை, 1970-71இல் 2.38 கோடி டன் வந்ததே அதற்குச் சாட்சி. பஞ்சாபில் மூட்டைகளை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பறைகளில் அடுக்கினார்கள். 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. மெக்ஸிகோ ரகத்தின் சிவப்புத் தானியம் சப்பாத்திக்குப் பிடிக்காமல் போனதற்கும் இதற்குள் நம் விஞ்ஞானிகள் வழி கண்டிருந்தார்கள், கல்யாண் சோனா, சோனாலிகா என்று வெளிர்நிறத் தானிய ரகங்கள் வந்துவிட்டன. எல்லாம் அவர் இல்லாமலே நடந்தது. அதைத்தான் அவருடைய சாதனையாக நான் பார்க்கிறேன்.

குறைகளின் பக்கத்தையும் எழுதாவிட்டால் இது ஆய்வாக இருக்காது. பலன் முதலில் தண்ணீரும் வசதியும் இருந்த பகுதிகளுக்கே போனது, மானாவாரி விவசாயி பின்தங்கினான். கோதுமைக்கும் நெல்லுக்கும் கிடைத்த கவனிப்பு பருப்புக்குக் கிடைக்கவில்லை, இன்றுவரை பருப்பை இறக்குமதி செய்கிறோம். பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. 1965இல் எச்சரித்தவர்கள் எல்லாரையும் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. சி.எஸ். போட்டது பஞ்ச காலத்துக்கான ஏற்பாடு. பஞ்சம் போன பிறகு அதைத் திருத்தும் பொறுப்பு பின்னால் வந்தவர்களுடையது, அவர்கள் அதைச் செய்யவில்லை.

சி.எஸ்.ஸின் கணக்கிலும் ஒரு பெரிய குறை உண்டு. 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மீண்டும் எம்.பி.யாகி மத்திய அமைச்சரானவர், நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் முழுக்க நிதியமைச்சராக இருந்தார். 1965இல் மொழிக்காகப் பதவியைத் தூக்கிப் போட்ட மனிதர், நாட்டில் பத்திரிகைகளின் வாயைக் கட்டி எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் வைத்தபோது அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. அவரை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

1998இல் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது, 2000 நவம்பரில் காலமானார். 2020இல் டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்களே, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும், கொள்முதலைக் கைவிடக் கூடாது என்று. அவர்கள் காப்பாற்றக் கேட்ட அந்த விலையும் அந்தக் கொள்முதலும் 1965 ஜனவரியில் தொடங்கியவை.